கடை வாசல் சாலையும் களிமண்ணும்
கழிவுப் பொருட்களைக் கொண்டு மண்ணை உறுதிப்படுத்தும் முறை பற்றி ஒரு விளக்கம்



விற்பனை வரி, எடை அளவு, உணவுப் பொருள் உரிமம் ஆகியவை பற்றி எழுதும் நமது இதழில் சாலை மண் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். சாலை பொறியாளருக்கு வேலை; நமக்கு அது சரக்கு வரும் வழி. வழி கெட்டால் முதலில் அடிபடுவது நமது கல்லாப் பெட்டிதான்.

அடி அண்ணாமலைப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பெரிய சாலை என்ற முறையில் அரசு கவனித்துக்கொள்கிறது. ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலைச் சுற்றியும், பாதையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களிலும்தான் பெரும்பாலான மளிகைக் கடைகள் இருக்கின்றன. பௌர்ணமி நெருங்கினால் லாரியையும் டெம்போவையும் பாதைக்குள் விடமாட்டார்கள். எனவே இரண்டு நாள் முன்னதாகவே சரக்கை இறக்கியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு மழை பெய்தால் உள்தெருவில் வண்டி புதைகிறது. எண்ணெய் டின் நசுங்குகிறது, முட்டை உடைகிறது, அப்பளக் கட்டு நொறுங்குகிறது, சர்க்கரை மூட்டை நனைகிறது. வழியில் உடைந்த சரக்கு மொத்த வியாபாரி கணக்கா, சில்லறைக் கடைக்காரர் கணக்கா என்ற வழக்கு நமது சங்கத்துக்குப் புதிதல்ல. இருபது வருடக் கொடுக்கல் வாங்கல் ஒரு குழியால் முறிந்துபோவதும் உண்டு.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சாலை கெடும்போதெல்லாம் பழையதன் மேலேயே புதிய ஜல்லியும் தாரும் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சாலை நான்கு விரல் உயர்கிறது, கடை தாழ்கிறது. ஐந்தாறு முறை இப்படி நடந்துவிட்டால் மழைத் தண்ணீர் வாசற்படி ஏறி அரிசி மூட்டையின் அடியில் நிற்கும்.

இத்தனைக்கும் மூல காரணம் மேலே தெரியும் தார் அல்ல, அடியில் இருக்கும் மண். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். மண் சரியாக இருந்தால்தான் தார் நிற்கும்.

களிமண்ணின் குணம்

நமது மாவட்டத்தில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. ஏரிக்கு அடியிலும் நஞ்சை நிலத்திலும் களி அதிகம். செம்மண்ணும் சரளையும் கலந்த இடத்தில் சாலை பெரும்பாலும் நிற்கிறது. களிமண் பகுதியில்தான் தொல்லை.

களிமண்ணின் துகள்கள் மிக மிக நுண்ணியவை. அடுக்கிய அப்பளம்போலத் தட்டையானவை. அந்த அடுக்குகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்தால் அடுக்கு விலகி மண் உப்புகிறது. வெயிலில் தண்ணீர் வெளியேறியதும் அடுக்கு நெருங்கி மண் சுருங்கி வெடிக்கிறது. கரிசல் மண்ணில் இந்தக் குணம் மிக அதிகம். கோடையில் காலை விடும் அளவுக்கு வெடிப்பு விடும் வயலை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே மண்ணின் மேல் சாலை போட்டால், அந்தச் சாலையும் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும். மேலே உள்ள தார் அதற்கு ஈடு கொடுக்க முடியாமல் விரிகிறது. விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போகிறது. அதன்பின் ஒரு பார வண்டி போதும், குழி விழுந்துவிடும்.

மண் எந்த ரகம் என்பதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நன்றாக உலர்த்திச் சலித்த மண் தூளில் பத்துப் பத்து கிராம் எடுத்து, அளவு குறித்த இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒருநாள் முழுதும் விட்டுவைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லி அளவு நிற்கும் மண், தண்ணீரில் 18 மில்லி நின்றால் உப்பல் 80 சதவீதம். இந்த அளவு 50 சதவீதத்தைத் தாண்டும் மண்ணைச் சாலைக்கு நிரப்பு மண்ணாகப் பயன்படுத்தக் கூடாது என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறை.

பொறியாளர்கள் செய்யும் மற்றொரு சோதனைக்கு சி.பி.ஆர். என்று பெயர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றியது. நல்ல கருங்கல் ஜல்லியின் தாங்கும் சக்தியை 100 என்று வைத்துக்கொண்டு, நான்கு நாள் தண்ணீரில் ஊறிய மண் அதில் எத்தனை சதவீதம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். கரிசல் மண்ணுக்கு 2 அல்லது 3 சதவீதம் வருவது வழக்கம். அதாவது மழைக்காலத்தில் அதன் மேல் நிற்கும் சாலைக்கு அடியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

சுண்ணாம்பு செய்யும் வேலை

இதற்குப் பழைய வைத்தியம், களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் செம்மண் கிராவலைக் கொண்டுவந்து நிரப்புவது. வைத்தியம் நல்லதுதான். ஆனால் கிராவல் எங்கோ ஒரு குன்றையோ நிலத்தையோ வெட்டித்தான் வர வேண்டும். வண்டி வாடகையும் ஏறிவிட்டது. ஆகவே இருக்கிற மண்ணையே திருத்திப் பயன்படுத்தும் முறை வந்தது. இதைத்தான் மண்ணை உறுதிப்படுத்துதல் என்கிறார்கள்.

இதில் தலையாய சரக்கு சுண்ணாம்பு. கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையில் நம் முன்னோர் கட்டிய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. மண்ணில் சுண்ணாம்பு இரண்டு வேலை செய்கிறது. கலந்த சில மணி நேரத்திலேயே களித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகி, பிசுபிசுப்பு குறைந்து, மண் பொலபொலவென்று ஆகிவிடுகிறது. இது முதல் வேலை. பிறகு மண்ணில் உள்ள சிலிக்காவோடு சுண்ணாம்பு மெல்ல மெல்லச் சேர்ந்து சிமெண்டு போன்ற பிசினாக இறுகுகிறது. இது மாதக்கணக்கில் நடக்கும். நம் ஊர் வெப்பம் இதற்கு மிகவும் உதவி. மண்ணின் எடையில் 3 முதல் 8 சதவீதம் வரை சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். சரியான அளவைச் சோதனைதான் சொல்லும்.

சுண்ணாம்புக்கும் விலை உண்டு அல்லவா? இந்த இடத்தில்தான் கழிவுப் பொருட்கள் உள்ளே வருகின்றன.

எந்தக் கழிவு எதற்கு உதவும்?

முதலாவது, அனல் மின் நிலையச் சாம்பல். மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை நிலையங்களில் நிலக்கரியை எரித்த பின் மிஞ்சும் நுண்ணிய சாம்பலில் சிலிக்கா நிறைய உண்டு. ஆனால் தானாக இறுகும் சுண்ணாம்புச் சத்து அதில் குறைவு. ஆகவே சிறிது சுண்ணாம்பு சேர்த்தால்தான் அது வேலை செய்யும். நெய்வேலியில் எரிப்பது பழுப்பு நிலக்கரி. அந்தச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். ஆக, சாம்பல் என்ற ஒரே பெயரில் இரண்டு ரகச் சரக்கு இருக்கிறது. பொன்னி என்ற பெயரில் எத்தனை ரகம் வருகிறது என்று தெரிந்த நமக்கு இது புரியாததல்ல.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளியிட்ட அறிவிக்கையில் இந்தச் சாம்பலைக் கட்டுமானங்களில் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பின்னர் வந்த திருத்தங்களில், அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டர் சுற்றளவில் போடப்படும் சாலைகள் வரை அந்தக் கட்டாயம் விரிந்தது. நமது மாவட்டமும் அந்தச் சுற்றளவுக்குள் வருகிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2001-இல் சாம்பலால் சாலைக் கரை அமைப்பதற்கும், 2010-இல் சிமெண்டு, சுண்ணாம்பு, சாம்பல் ஆகியவற்றால் மண்ணை உறுதிப்படுத்துவதற்கும் வழிகாட்டி நூல்களை வெளியிட்டிருக்கிறது.

இரண்டாவது, உமிச் சாம்பல். இது நம் வீட்டுச் சரக்கு. ஆரணி, களம்பூர் அரிசி விற்காத மளிகைக் கடை நம் பக்கத்தில் உண்டா? 100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி மிஞ்சும். அதைக் கொதிகலனில் எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல் கிடைக்கும். அந்தச் சாம்பலில் 85 முதல் 90 சதவீதம் வரை சிலிக்கா. சுண்ணாம்போடு இதைச் சேர்த்துக் களிமண்ணில் கலந்தால் மண்ணின் உப்பல் குறைந்து, தாங்கும் சக்தி பல மடங்கு ஏறுவதாகப் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மிக அதிக வெப்பத்தில் எரிந்த சாம்பலில் சிலிக்கா இறுகிப்போய்ச் சுண்ணாம்போடு சேராது. சரியாக எரியாத கரிச் சாம்பலும் உதவாது. ஆலைக்கு ஆலை சாம்பல் மாறும்.

மூன்றாவது, இடிபாட்டுக் கழிவு. பழைய கடையை இடித்துக் கட்டும்போது வரும் செங்கல் துண்டு, காங்கிரீட் கட்டி ஆகியவற்றை ஏரிக்கரையில் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. இதை உடைத்துச் சலித்தால் சாலையின் அடித்தளத்துக்கு ஆகும். 2016-இல் இதற்கென்று மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. 2017-இல் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டியும் வந்தது.

நான்காவது, தென்னை நார். மட்டையிலிருந்து எடுத்த நாரை வலைப் பாய்போல நெய்து, மெல்லிய மண்ணின் மேல் விரித்து, அதன் மேல் சரளை பரப்புகிறார்கள். சரளை களிக்குள் புதையாமல் அது தாங்கிப் பிடிக்கிறது. நாளடைவில் நார் மக்கினாலும், அதற்குள் அடிமண் அழுந்தி இறுகிவிடுகிறது. 2020-இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீட்டருக்கு இதைப் பயன்படுத்த அறிவிப்பு வந்தபோது தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர்.

ஐந்தாவது, பழைய சாலையே. கெட்டுப்போன சாலையை அப்படியே இயந்திரத்தால் கிளறித் தூளாக்கி, சிமெண்டும் சேர்மானமும் கலந்து, அதே இடத்தில் உருட்டிவிடும் முறை உத்தரப் பிரதேசத்தின் கிராமச் சாலைகளில் நடந்துவருகிறது. பழைய ஜல்லி வீணாவதில்லை. நமக்கு அதைவிட முக்கியம், சாலை மட்டம் உயர்வதில்லை.

தொலைவில் ஓர் உதாரணமும் சொல்லலாம். சூரத் அருகே ஹஜீராவில் இரும்பாலைக் கசடைக் கொண்டு 2022-இல் ஆறு வழிச் சாலை ஒன்று திறக்கப்பட்டது. சுமார் ஒரு லட்சம் டன் கசடு அதில் செலவானது. மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் அதற்கு வழிகாட்டியது.

பிளாஸ்டிக் சாலை வேறு, இது வேறு

நமது உறுப்பினர்கள் பலரும் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் கண்டறிந்த முறையில், சூடான ஜல்லியின் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லியின் மேல் மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் தார் கலக்கிறார்கள். தண்ணீர் எளிதில் புகாது. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழ்நாட்டுக்கு இது பெருமை.

ஆனால் அது மேல் பூச்சுக்கான மருந்து. அடியில் உள்ள களிமண்ணின் உப்பலை அது தீர்க்காது. மேலே பிளாஸ்டிக் தார், கீழே திருத்தாத களி என்றால் நல்ல பட்டுத் துணியைக் கிழிந்த மெத்தையின் மேல் விரித்த கதைதான். அதேபோல் கடைக் குப்பையில் வரும் பிளாஸ்டிக் உறைகளைச் சாலைக் குழியில் கொட்டி மண் போட்டு மூடுவது எந்த முறையிலும் சேராது. அது குழியை மறைக்கும், மண்ணைப் பிடிக்காது.

ஒரு வியாபாரிக் கணக்கு

நமக்குக் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் மனம் ஏற்கும். 100 மீட்டர் நீளமும் 3.75 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தெருவை வைத்துக்கொள்வோம்.

தோண்டி நிரப்பும் முறையில் 45 சென்டிமீட்டர் ஆழம் எடுத்தால் சுமார் 169 கன மீட்டர் மண். லாரிக் கணக்கில் ஏறக்குறைய 60 யூனிட். ஒரு டிப்பருக்கு 3 யூனிட் என்றால் களியை வெளியேற்ற 20 நடை, கிராவல் கொண்டுவர 20 நடை. ஆக 40 நடை.

திருத்தும் முறையில் 15 சென்டிமீட்டர் ஆழ மண்ணைக் கலந்தால் 56.25 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.6 டன் வீதம் 90 டன் மண். இதற்கு 4 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 3.6 டன், 50 கிலோ மூட்டையாக 72 மூட்டை. உமிச் சாம்பல் 8 சதவீதம் என்றால் 7.2 டன். எடையில் ஒரே லாரிப் பாரம்தான். ஆனால் உமிச் சாம்பல் பொரி மூட்டை மாதிரி. எடை கம்மி, இடம் அதிகம். ஆகவே சில நடை பிடிக்கும். அப்படியும் 40 நடை எங்கே, இது எங்கே!

இந்தக் கணக்கில் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. கழிவு இலவசம், வண்டி வாடகை இலவசமல்ல. ஆரணிச் சாம்பல் நமக்குக் கட்டுபடியாகலாம். மிகத் தொலைவிலிருந்து வருவது கட்டுபடியாகாமல் போகலாம். பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதையே முதலில் சோதிப்பதுதான் முறை.

எச்சரிக்கைகள்

ஒன்று, செத்த சுண்ணாம்பு. காற்றுப்பட்டு நாளான சுண்ணாம்பு வீரியம் இழந்து வெறும் கல் தூளாகிவிடும். பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். காற்றுப் புகாத பையில் வந்ததா, வீரியம் சோதிக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

இரண்டு, ஜிப்சம். மண்ணில் ஜிப்சம் போன்ற சல்பேட் உப்புகள் இருக்கும்போது சுண்ணாம்பு கலந்தால் மண் உறுதிப்படுவதற்குப் பதிலாக மேலும் உப்பிவிடும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலை இப்படித்தான் சுண்ணாம்பு கலந்து போட்ட சில ஆண்டுகளில் மேடு மேடாக எழும்பிக் கெட்டது. கடை அலங்காரத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூரை இப்போது பெருகிவிட்டது. அதுவும் ஜிப்சம்தான். அதை இடிபாட்டுக் கழிவோடு சேர்க்கவே கூடாது.

மூன்று, மக்கும் குப்பை. காய்கறிக் கழிவு, சாணம், வேர், இலை தழை கலந்த மண்ணில் சுண்ணாம்பு சரியாக வேலை செய்யாது. மேல் மண்ணைச் சீவி எடுத்துவிட்டே கலக்க வேண்டும்.

நான்கு, கலவை. சுண்ணாம்பைத் தெருவில் தூவிவிட்டு உருட்டினால் போதாது. கட்டி உடைத்து, ஆழம் முழுவதும் ஒரே சீராகக் கலந்து, அளவாக நீர் தெளித்து உருட்டி, ஒரு வாரமாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். அந்த நாட்களில் பார வண்டி விடக் கூடாது. வேலை செய்வோர் கண்ணுக்கும் கைக்கும் காப்பு அணிவது அவசியம். சுட்ட சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும்.

ஐந்து, தண்ணீர். எந்த மருந்து போட்டாலும் வடிகால் இல்லாவிட்டால் வீண். ஆலைச் சாம்பலில் உலோகக் கழிவு உண்டா என்று சோதிக்காமல் கிணற்றுக்கும் குளத்துக்கும் அருகில் பயன்படுத்தவும் கூடாது. அஷ்ட லிங்கங்களும் தீர்த்தங்களும் உள்ள மண் இது.

நாம் செய்யத் தக்கது

சாலை போடுவது நம் வேலையல்ல. ஆனால் கேள்வி கேட்பது நம் உரிமை. தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. திருவண்ணாமலை நகரம் 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஊராட்சியானாலும் மாநகராட்சியானாலும் நம் தெருவுக்குச் சாலை வருகிறது என்றால் ஐந்து கேள்விகளைச் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கொடுப்போம்.

அடிமண் சோதிக்கப்பட்டதா? சி.பி.ஆர். எவ்வளவு? களி என்றால் அதைத் திருத்த மதிப்பீட்டில் என்ன வைத்திருக்கிறது? பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிறார்களா? மழைநீர் எந்தப் பக்கம் வடியும்? பழைய தளத்தைச் சுரண்டிய பின்னரே புதியது போட வேண்டும் என்று 2021-இல் மாநிலத் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார் என்பதை நினைவில் வைப்போம்.

நம் பக்கமும் சில கடமைகள் உண்டு. கடை கழுவிய தண்ணீரைச் சாலை ஓரத்து மண்ணில் விடாமல் இருப்போம். வடிகாலின் மேல் பலகை போட்டுச் சரக்கு அடுக்காமல் இருப்போம். இடிபாட்டுக் கழிவில் ஜிப்சத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து வைப்போம். சரக்கு உறைகளில் பாலித்தீனைத் தனியாகவும் பி.வி.சி.யைத் தனியாகவும் கட்டுவோம், பி.வி.சி. எந்தச் சாலைக்கும் ஆகாது. ஆரணி, களம்பூர் ஆலைக்காரர்களோடு அன்றாடம் பேசுகிறவர்கள் நாம். அவர்களிடம் சாம்பல் எவ்வளவு மிஞ்சுகிறது, எங்கே போகிறது என்று கேட்டு, அருகில் உள்ள பொறியியல் கல்லூரிக்கு ஒரு பை மாதிரி அனுப்பிவைப்பது நம்மால் ஆகாத காரியமல்ல.

வெறுங்காலோடு மலையைச் சுற்றி வரும் பக்தர்கள் நம் தெருவில் இறங்கித் தண்ணீரும் கற்பூரமும் வாங்குகிறார்கள். அவர்கள் காலுக்கும் நம் சரக்குக்கும் ஒரே சாலைதான். அடுத்த முறை ஜல்லி வண்டி நம் தெருவில் நுழைவதற்கு முன்பாகவே மேற்படி ஐந்து கேள்விகளும் அதிகாரிகளின் மேசையில் இருக்கட்டும்.